இரண்டு ஊருக்கு ஒரு மைக்

2019 பிப்ரவரி 22, வெள்ளிக்கிழமை, நெப்ராஸ்கா மாநிலத்தின் நடுப்பகுதியில் ஒரு பள்ளி விளையாட்டரங்கில் நடந்த மாவட்ட இறுதி ஆட்டத்தில், ஹ்ராடெக் உயர்நிலைப் பள்ளிப் பெண்கள் கூடைப்பந்து அணி 41–40 என்ற கணக்கில் வென்றது. ஹ்ராடெக்கின் மக்கள்தொகை 388.

அந்த வெற்றியால் அணி மாநிலப் போட்டிக்குத் தகுதி பெற்றது. மாநிலப் போட்டி லிங்கன் நகரில் நடக்கிறது. எங்கள் ஊரில் பருவம் தொடங்கியது முதல் முடியும் வரை அந்தப் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. 'கிழக்கே' என்போம். பல் டாக்டரைப் பார்க்க அங்கே போகிறவர்கள்கூட பிப்ரவரியில் கிழக்கேதான் போவார்கள். எழுதினால் தோஷமில்லை, சொன்னால்தான்.

இதற்குக் காரணமானவர் லூமிர் ஷிமெக். ஹ்ராடெக் வானொலியில் முப்பத்து மூன்று ஆண்டுகளாக ஆட்ட வர்ணனை செய்பவர். விதைக்கடையின் பின்புறம் இருக்கும் அந்த நிலையத்தில் மொத்தம் இரண்டே பேர்: லூமிரும் அவர் தங்கை மார்லீனும். 1986இல், வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாவட்ட இறுதி ஆட்டத்துக்கு முன்பே மாநிலப் போட்டியை ஒலிபரப்ப உரிமை கேட்டு விண்ணப்பத்தைத் தபாலில் சேர்த்துவிட்டார் லூமிர். அது போதாதென்று, "அடுத்த வாரம் லிங்கன்ல சந்திப்போம்" என்று வானொலியிலும் சொன்னார். அன்று கடைசி நொடியில் எறிந்த பந்து வளையத்தில் இரண்டு சுற்றுச் சுற்றி வெளியே விழுந்தது. அதன்பின் முப்பத்து மூன்று ஆண்டுகள் எங்கள் பள்ளியின் எந்த அணியும் கிழக்கே போகவில்லை.

இப்போது போகிறது. வெற்றி பெற்ற இரவு தீயணைப்பு வண்டி ஊரை ஏழு சுற்று சுற்றியது. சுற்றுவதற்கு நான்கு தெருக்கள்தான் உண்டு. மறுநாள் மளிகைக் கடையில் பச்சை நிறச் சாயப்பொடி தீர்ந்துபோனது. மிலாடா குசேராவின் காபிக் கடையில் பச்சை நிறத்தில் கொலாச்சி போட்டார்கள். அந்தப் பழம் வைத்த ரொட்டி பார்க்க நன்றாயில்லை, எல்லாம் விற்றுத் தீர்ந்தது. முதல் சுற்றில் எதிராளி யார் என்று சனிக்கிழமை மாலை தெரிந்தபோது ஊருக்கு மேலும் கொஞ்சம் பைத்தியம் பிடித்தது. எட்டு அணிகளில் எங்களுக்கு வாய்த்தது ஆல்டன்பெர்க். தெற்கே பதினெட்டு மைல். எங்கள் ஆட்கள் பாதிப் பேர் அங்கே பெண் எடுத்தவர்கள். எடுத்த நாளிலிருந்து அவர்களோடு சண்டை.

திங்கட்கிழமை பகல் பன்னிரண்டே முக்காலுக்கு மார்லீன் தன் அண்ணனிடம் கேட்டார்:

"அண்ணா, ஒலிபரப்பு உரிமைக்கு எழுதிப் போட்டுட்டே இல்ல?"

லூமிர் மேசை இழுப்பறையைத் திறந்து காட்டினார். பூர்த்தி செய்து கையெழுத்திட்ட விண்ணப்பம், ஒரு ஊறுகாய் ஜாடிக்கு அடியில் இருந்தது.

"ரெடியா இருக்கு. புதன்கிழமை பிள்ளைங்க பஸ் ஊர் எல்லையைத் தாண்டினதும் ஃபேக்ஸ் பண்ணிடுவேன். அதுக்கு முன்னாடி அனுப்பினா என்ன ஆகும்னு உனக்கே தெரியும்."

"இப்பல்லாம் ஃபேக்ஸ் வாங்கறாங்களா? கிழக்கேருந்து மெயில் ஒண்ணு வந்துச்சே, பாத்தியா?"

"பாத்தேன்."

"படிச்சியா?"

"தலைப்புலயே அந்த ஊர் பேரைப் போட்டிருந்தான். திறந்தா வாய்ல வந்துடாதா?"

மார்லீன் கணினிக்குப் போய்த் திறந்தார். ஜனவரி 9ஆம் தேதி வந்த கடிதம். இந்த ஆண்டு முதல் விண்ணப்பம் இணையம் வழியாக மட்டும். காலிறுதிக்குக் கடைசி நேரம் பிப்ரவரி 25, திங்கட்கிழமை, பகல் பன்னிரண்டு.

"ஏழு வாரமா திறக்காம வெச்சிருந்தியா!"

"அதனாலதான் வரிசையா ஒம்போது மேட்ச் ஜெயிச்சோம்."

"அண்ணா, மணி ஒண்ணாகப் போகுது."

லூமிர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு ஊறுகாய் ஜாடியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார்.

மாநிலப் பள்ளி விளையாட்டுச் சங்கத்துக்குத் தொலைபேசியில் பேசியது மார்லீன்தான். மறுமுனையில் இருந்த பெண் பொறுமையாகவே விளக்கினார். நேரம் கடந்த விண்ணப்பத்தை ஏற்க விதியில் இடமில்லை. ஒளிபரப்பு உரிமை முழுவதும் ஓர் இணையதள நிறுவனத்துக்குக் கொடுத்தாகிவிட்டது. வானொலிக்கு மட்டும், ஒரு பள்ளிக்கு ஒரு நிலையம், ஒரு நிலையத்துக்கு இரண்டு நாற்காலி. பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து செல்போனில் வர்ணனை சொன்னால் வெளியேற்றுவார்கள். அரையிறுதிக்கும் இறுதிக்கும் இன்னும் நேரம் இருக்கிறது, வேண்டுமானால் இப்போதே பதிவு செய்யலாம்.

மார்லீன் அண்ணன் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவர் ஜன்னல் வழியாகப் பனியைப் பார்த்துக்கொண்டிருந்தார். மார்லீன் குரலைத் தாழ்த்தி, "ரெண்டுக்கும் பதிஞ்சுக்கோங்க" என்றார். இதை அண்ணனிடம் சொல்லவில்லை.

"இன்னொரு வழி இருக்கு" என்றார் சங்கத்துப் பெண். "அனுமதி வாங்கின நிலையம் தன்னோட ஒலிபரப்பை இன்னொரு நிலையத்துக்குக் கொடுக்கலாம். ஒரு கடுதாசி போதும். அந்த ரெண்டு நாற்காலியில யாரு உக்காருறாங்கங்கறது அவங்க இஷ்டம்."

"எந்த நிலையம் வாங்கியிருக்கு?"

"ஆல்டன்பெர்க்."

மார்லீன் போனை வைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னார். ஆல்டன்பெர்க் வானொலியின் வர்ணனையாளர் கெர்டா ஹோல்ட்காம்ப் என்ற பெண்மணி. முப்பது ஆண்டுகளாக இருவரும் பக்கத்துப் பக்கத்து மேசையில் உட்கார்ந்து ஒரே ஆட்டத்தை இரண்டு ஆட்டங்களாகச் சொல்லி வருபவர்கள்.

அவர் கெர்டாவை அழைப்பதற்குள் ட்வெய்ன் ப்ரோகாப் நிலையத்துக்கு வந்துவிட்டார். ட்வெய்னுக்கு நூற்றெண்பது மாடுகள். மகள் டெஸ்ஸா எங்கள் அணியை நடத்திச் செல்லும் ஆட்டக்காரி. அது மாடுகள் ஈனும் காலம். வெளியே பூஜ்யத்துக்குக் கீழே இருபது. முதல் முறை ஈனப்போகும் கிடேரிகள் இருபத்தாறு தொழுவத்தில் நின்றன. அவரால் நகர முடியாது. தொழுவத்தில் இணையம் எடுக்காது, வானொலி எடுக்கும்.

"அண்ணே, பழைய ரேடியோவுக்கு புது பேட்டரி போட்டுட்டேன்" என்றார். "உத்தரத்துல மாட்டியாச்சு. மாடுங்களுக்கும் கேக்கும். வியாழக்கிழமை காலையில ஒம்போது மணிக்குத்தானே?"

லூமிர் நடந்ததைச் சொன்னார். ட்வெய்ன் தொப்பியைக் கழற்றினார், திரும்பப் போட்டுக்கொண்டார்.

"அவ மூணாங்கிளாஸ்லேருந்து விளையாடறா. ஒரு மேட்ச் விட்டதில்ல நான். ஒண்ணு நேர்ல இருப்பேன், இல்லன்னா உங்க குரல்ல இருப்பேன். ஏதாவது பண்ணுங்க அண்ணே."

அவர் போனதும் லூமிர் கெர்டாவை அழைத்தார். விஷயத்தைக் கேட்டு முடித்ததும் கெர்டா சிரித்த சிரிப்பை மார்லீன் அறையின் மறுகோடியிலிருந்து கேட்டார்.

"ஏழு வாரமா மெயிலைத் திறக்கலையா? யோவ் ஷிமெக், உன்னை மியூசியத்துல வெக்கணும்யா!"

"சிரிச்சு முடிச்சிட்டு சொல்லு. நான் காத்திருக்கேன்."

"நாற்காலி காலியாத்தான் இருக்கு. என்கூட உக்காந்து பேசற வால்ட்டுக்கு இடுப்புல ஆபரேஷன், உக்கார முடியாது. நீ வா. நாங்க பந்து வெச்சிருந்தா நான் பேசுவேன், நீங்க வெச்சிருந்தா நீ பேசு. ஆனா ஒண்ணு."

"என்ன?"

"ஆரம்பிக்கும்போது முதல் வார்த்தை நீதான் பேசணும். எங்கேருந்து பேசறோம்னு ஊர் பேரைச் சொல்லி ஆரம்பிக்கணும். 'கிழக்கேருந்து'ன்னு சொன்னா அங்கேயே ஒயரைப் புடுங்கிடுவேன்."

"கெர்டா, அது மட்டும் வேண்டாம்."

"அது மட்டும்தான் வேணும்."

மறுநாள் காலை மிலாடாவின் காபிக் கடையில் இதைத் தவிர வேறு பேச்சில்லை. கூட்டுறவுக் கிடங்கை மூடிவிட்டு அதன் ஆட்களும் வந்துவிட்டார்கள். நடுமேசையில் உட்கார்ந்திருந்த லூமிர் தன் கொலாச்சியைத் தொடவேயில்லை.

"கேக்காமலே இருந்துடுவோம்" என்றார் பள்ளிப் பேருந்து ஓட்டுநர். "ஜெயிச்சா போதாதா? முப்பத்து மூணு வருஷம் வாயை மூடிட்டு இருந்தோம். இன்னும் ரெண்டு மணி நேரம் இருக்க முடியாதா?"

"நீ பஸ் ஓட்டிட்டுப் போறவன், நேர்ல பாப்பே. உனக்கென்னய்யா?" என்றார் மிலாடா. "நான் இங்க சூப் கிண்டிக்கிட்டு சுவத்தைப் பாக்கணுமா?"

"இவன் அந்தப் பேரைச் சொல்லி நம்ம பிள்ளைங்க தோத்துட்டா? அப்புறம் இவன் ஊர்ல எப்படி நடமாடுவான்?" என்றார் ஓட்டுநர்.

"இப்ப மட்டும் பெருசா என்ன நடமாடறான்? வீடு, ரேடியோ, என் கடை. இங்கயும் மூணு காப்பி குடிச்சா ஒரு காப்பிக்குத்தான் காசு வெக்கிறான்."

எல்லோரும் சிரித்தார்கள். லூமிர் சிரிக்கவில்லை. இரண்டு முறை கை தூக்கச் சொல்லி எண்ணினார்கள். முதல் முறை சொல்லலாம் என்றவர்கள் பதினொன்று, கூடாது என்றவர்கள் பதினொன்று. இரண்டாம் முறையும் அப்படியே. அப்போதுதான் ட்வெய்ன் கதவைத் திறந்துகொண்டு வந்தார். முழங்கை வரை வைக்கோல், உறக்கமில்லாத கண். ஐந்து நிமிடத்தில் திரும்ப வேண்டும் என்றார். என்ன வாக்கெடுப்பு என்று கேட்டார். சொன்னார்கள்.

"ஜெயிச்சுட்டாங்கன்னு வேற யாராவது வந்து சொல்லித் தெரிஞ்சுக்கறதைவிட, தோக்கறதை என் காதால கேட்டுட்டுப் போறேன்" என்றார் அவர். "சொல்லுங்க அண்ணே. மாடு மேல பழி போட்டுக்கலாம்."

காபியைக் காகிதக் கோப்பையில் வாங்கிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் முறை எண்ணத் தேவை இருக்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டரை மணிக்கு லிங்கனில் அந்தப் பெரிய அரங்கின் ஒரு பாதி பச்சையாகவும் ஒரு பாதி ஆரஞ்சாகவும் இருந்தது. ஹ்ராடெக்கில் நானூறு பேர்கூட இல்லை. பச்சைப் பக்கம் அறுநூறு பேர் இருந்தார்கள். செத்தவர்களும் வந்துவிட்டார்கள் என்று ஒருவர் சொன்னார். வர்ணனையாளர் வரிசையில் லூமிரும் கெர்டாவும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்தார்கள். ஆல்டன்பெர்க் நிலையத்திடம் தலையில் மாட்டும் மைக் இரண்டு இருந்தது. ஆபரேஷனுக்கு முந்தின வாரம் வால்ட் அதில் ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். இன்னொன்று அன்று காலை, பனியில் கிடந்த வேனிலிருந்து எடுத்ததும் பேச மறுத்தது. மிச்சம் இருந்தது, பள்ளி விழாக்களில் கையில் பிடித்துப் பேசும் மைக் ஒன்று.

"ஒண்ணே ஒண்ணா?" என்றார் லூமிர்.

"மாத்தி மாத்திப் புடிச்சுக்கலாம். பந்து கைமாறும்போது மைக்கும் கைமாறும். கஷ்டமா என்ன?"

ஒன்பது மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் கெர்டா மைக்கை அவர் முகத்துக்கு நேராக நீட்டினார். இரண்டு ஊர்களிலும் வானொலிகள் திறந்திருந்தன. ஹ்ராடெக் நிலையத்தில் மார்லீன் விசையை மேலே தள்ளினார். மிலாடா கரண்டியைக் கீழே வைத்தார்.

லூமிர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வணக்கம். லிங்கன்லேருந்து பேசறோம்."

முதல் நான்கு நிமிடங்களில் ஆல்டன்பெர்க் பதினோரு புள்ளி எடுத்தது. ஹ்ராடெக் எடுத்தது பூஜ்யம். மைக் கெர்டாவின் கையிலேயே இருந்தது. அவர் பேசிக்கொண்டே லூமிரின் முழங்காலில் தட்டித் தட்டிச் சிரித்தார். ஹ்ராடெக் நிலையத்தில் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது.

"உங்க அண்ணன்கிட்ட சொல்லு" என்றது ஒரு குரல், "சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்கிக்கச் சொல்லி!"

"ரேடியோல சொன்னதை எப்படிய்யா திரும்ப வாங்கறது?" என்றார் மார்லீன். "போனை வை, நானும் கேக்கணும்."

இடைவேளையில் ஆல்டன்பெர்க் 24, ஹ்ராடெக் 15. கெர்டா பையிலிருந்து ஆல்டன்பெர்க் சினமன் ரோல் ஒன்றை எடுத்துப் பிய்த்துப் பாதியை லூமிரிடம் நீட்டினார்.

"தின்னு. மூஞ்சி சோப்புக் கலர்ல இருக்கு."

"நல்லா இருக்கு" என்றார் லூமிர், விரலை நக்கிக்கொண்டே. "கொலாச்சி அளவுக்கு இல்ல."

"மைக் ஆன்ல இருக்கு."

அது உண்மையும்கூட. ஆல்டன்பெர்க்கிலிருந்து அந்த நிமிடமே மார்லீனுக்கு நான்கு தொலைபேசி அழைப்புகள் வந்தன.

இரண்டாம் பாதியில் டெஸ்ஸா ப்ரோகாப் பந்தைத் திருடத் தொடங்கினாள். முதலில் ஒன்று. மைக் கெர்டாவிடமிருந்து லூமிருக்கு வந்தது. மறுபடி ஒன்று. பந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் பறந்தது, மைக்கும் பறந்தது. மூன்றாம் கால் பகுதி முடிந்தபோது ஆல்டன்பெர்க் 33, ஹ்ராடெக் 31. கடைசிக் கால் பகுதியில் இரண்டு மாவட்டங்களிலும் கேட்டது ஏறத்தாழ இப்படித்தான்:

"ஹில்ட்ரட் பந்தை எடுத்துட்டு வர்றா, ஆல்டன்பெர்க் நிதானமா... அய்யோ, கொடு..."

"டெஸ்ஸா! டெஸ்ஸா பறிச்சுட்டா! ஓடறா, ஓடறா, போட்டா... இல்ல, வெளிய..."

"கொடு, கொடு, எங்களுது! ஆல்டன்பெர்க் பந்து, ஹில்ட்ரட்..."

"காலு பட்டுது! நடுவர் பாத்தாரு! நம்ம பந்து!"

"என் கையை விடுய்யா!"

நாற்பது நொடி மிச்சமிருக்கையில் ஆல்டன்பெர்க் 46, ஹ்ராடெக் 45. அதே நேரத்தில் ட்வெய்னின் தொழுவத்தில் ஒரு கிடேரி படுத்துவிட்டது. கன்றின் இரண்டு முன்னங்கால்கள் வெளியே வந்துவிட்டன, தலை வரவில்லை. ட்வெய்ன் காலில் கயிறு கட்டி, கிடேரி முக்கும்போதெல்லாம் இழுத்துக்கொண்டிருந்தார். உத்தரத்தில் வானொலி ஆடியது.

பன்னிரண்டு நொடி இருக்கையில் ஹ்ராடெக் எறிந்த பந்து வளையத்தில் பட்டு மேலெழும்பியது. ஒரு சுற்று. இரண்டு சுற்று. லூமிர் மைக்கைக் கையில் வைத்துக்கொண்டு ஒன்றும் பேசவில்லை. பந்து வெளியே விழுந்தது. ஆறு பெண்கள் அதன்மேல் விழுந்தார்கள். பந்து யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. ஆகவே மைக் யாருடையது என்றும் தெரியவில்லை. இருவரும் அதைப் பிடித்தார்கள்.

"நம்ம பந்து!"

"எங்க பந்து!"

"விடு கெர்டா!"

"நீ விடு!"

பிறகு வானொலியில் உரசும் சத்தம், ஒரு நாற்காலி விழும் சத்தம், ஆயிரக்கணக்கானோரின் கூச்சல், ஆட்டம் முடிந்ததற்கான நீண்ட சங்கு. அதன்பின் பதினோரு நொடி எதுவுமில்லை. மார்லீன் பின்னர் ஒலிப்பதிவை வைத்து எண்ணிப் பார்த்தார், பதினொன்று. தொழுவத்தில் ட்வெய்ன் கயிற்றைப் பிடித்தபடி வானொலியைப் பார்த்து, "சொல்லித் தொலைங்களேன்!" என்று கத்தினார். கிடேரி திடுக்கிட்டு முக்கியது. கன்று முழுதாக அவர் மடியில் வந்து விழுந்தது.

மைக் கெர்டாவிடம் சிக்கியிருந்தது. அவர் குரல் தெளிவாக வந்தது.

"ஆட்டம் முடிஞ்சுது. குவியலுக்கு அடியிலேருந்து டெஸ்ஸா ப்ரோகாப் பந்தை எடுத்தா. ஒரு நொடி இருக்கும்போது எறிஞ்சா. விழுந்துது. ஹ்ராடெக் நாப்பத்தி ஏழு, ஆல்டன்பெர்க் நாப்பத்தி ஆறு."

சற்று நிறுத்தி, மறுபடி பேசினார்.

"இப்ப மைக்கை லூமிர் ஷிமெக்குக்குக் கொடுக்கணும். அவர் வாங்க மாட்டேங்கறாரு. அழுதுட்டு இருக்காரு. ரேடியோல தெரியாதுன்னு நெனைக்கிறாரு."

ஹ்ராடெக்கில் தீயணைப்பு வண்டி கிளம்பியது. ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் லிங்கனில் இருந்ததால் பாதிரியார் ஓட்டினார். மிலாடாவின் சூப் அடிப்பிடித்தது, அதையும் குடித்தார்கள். ஊர் முழுக்க, ஒருவரை ஒருவர் தெருவில் நிறுத்தி, தேவையே இல்லாமல், "லிங்கன்" என்றார்கள். "லிங்கன்" என்று பதில் வந்தது. கைபேசி எடுக்கும் இடத்துக்கு வந்து ட்வெய்ன் மகளை அழைத்தபோது அவருக்கும் வேறு வார்த்தை வரவில்லையாம். கன்றுக்கு கெர்டா என்று பெயர் வைத்தார்கள். அது காளைக் கன்று என்பதை யாரும் பொருட்படுத்தவில்லை.

அன்று மாலை லிங்கனில் விடுதி அறையிலிருந்து லூமிர் தங்கையை அழைத்தார்.

"மார்லீன், நாளைக்கு நடக்கற அரையிறுதிக்கு விண்ணப்பம் போடணும். ஆல்டன்பெர்க் வெளிய போயிடுச்சு, கெர்டாவோட நாற்காலியும் போச்சு. நேரம் இருக்கா?"

"அதெல்லாம் திங்கக்கிழமையே போட்டாச்சு அண்ணா."

"திங்கக்கிழமையா? முதல் மேட்ச்சுக்கு முன்னாடியேவா?"

"ஆமா. இறுதிக்கும் சேத்து."

லூமிர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார்.

"இருந்தும் ஜெயிச்சோமே" என்றார் மார்லீன்.

"இறுதிக்குமா?" என்றார் லூமிர்.

வெள்ளிக்கிழமை அரையிறுதியில் ஹ்ராடெக் பத்தொன்பது புள்ளி வித்தியாசத்தில் தோற்றது. ஒலிபரப்பு ஊர் முழுவதும் தெளிவாகக் கேட்டது. எங்கள் நிலையத்தின் இரண்டாவது நாற்காலியில் கெர்டா உட்கார்ந்திருந்தார். அதற்கடுத்த ஆண்டிலிருந்து விண்ணப்பத்தை மார்லீன்தான் அனுப்புகிறார்.